பழையபடி ஆக்கித் தரவும்

பொதியை அவிழ்த்தவர் சம்சுதீன் நானா. நான் கத்தரிக்கோலை எடுத்து நீட்டியும் அவர் வாங்கவில்லை. துறைமுகத்தில் கயிற்று வேலை செய்தவர்களுக்கு முடிச்சை அறுப்பது பிடிக்காது. நகத்தால் நெம்பி, சணற்கயிற்றை முழுதாகக் கழற்றி, சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

உள்ளே மெழுகுத்தாள். அதற்குள் பழுப்புத்தாள். அதற்குள் இரண்டு வில்லுக்கத்திகள். இங்கிலாந்தில் அவற்றைச் செய்த கம்பனிக்கே பழுது பார்க்க அனுப்பியவை, ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்திருந்தன. எண்ணெய் வாசம் விறாந்தை முழுக்கப் பரவியது. மடக்கி இருந்த அலகை விரித்தால் அதில் எங்கள் முகம் தெரிந்தது.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி குசினியிலிருந்து வந்தாள். மேசையில் பக்கம் பக்கமாகக் கிடந்த கத்திகளைப் பார்த்தாள். எடுப்பதற்குக் கையை நீட்டினாள். நீட்டிய கை எதன் மேலும் படாமல் நின்றது.

“எங்கட எது?” என்று கேட்டாள்.

நானா ஒன்றை எடுத்து விரித்தார், மடக்கினார், காதருகே பிடித்து வில்லின் சத்தத்தைக் கேட்டார். மற்றதையும் அப்படியே செய்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டையும் மேசையிலேயே வைத்துவிட்டார்.

ஒன்று இறந்துபோன என் அத்தானுடையது. மற்றது நானாவுடையது. எது எவருடையது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. அதற்குக் காரணம் யார் என்பது அந்த மேசையைச் சுற்றி நின்ற மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரே நாளில் கிடைத்தவை

பாக்கியம் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னைக் கொன்வென்டில் படிக்கவைத்து, தட்டச்சும் பழகவைத்தவள் அவள்தான். அவளுடைய கணவர் நடராசா அத்தான், வெள்ளைக்காரர் இன்னும் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போகாத காலத்தில் கடற்படைத் துறைக்குள் வேலைக்குச் சேர்ந்தவர். கப்பல்களுக்கு வேண்டிய கயிறுகளையும் கம்பி வடங்களையும் பின்னுவதும் இணைப்பதும் அவர் வேலை. அண்ணன் என்ற முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் சம்சுதீன், கிண்ணியாவிலிருந்து வரும் அவருடைய கூட்டாளி. இவர் ஒரு முனையைப் பிடித்தால் அவர் மறுமுனையைப் பிடிப்பார். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

அவர்களுக்கு மேலே இருந்த வெள்ளைக்காரப் போமன் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது இரண்டு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு வில்லுக்கத்தி கொடுத்தார். ஒரே கம்பனி, ஒரே அளவு, ஒரே மான்கொம்புப் பிடி. ஒரு பக்கம் அலகு, மற்றப் பக்கம் கயிற்று முறுக்கைப் பிரிக்கிற இரும்பு முள்.

கொம்பு என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரில் மான்கள் கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வீதியில் மாடுகளைப் போலத் திரியும். வேலிக்குள் தலையை விட்டுச் செம்பரத்தைத் தளிரை மேய்ந்துவிட்டுப் போகும். அப்படி ஒரு மானைக் கொன்றுதான் அத்தானுக்குக் கத்தி செய்தார்கள் என்று முடிவுகட்டி, சின்ன வயதில் நான் இரண்டு நாள் அவருடன் கதைக்கவில்லை. அது இங்கிலாந்து மான் என்று அவர் சத்தியம் செய்த பிறகுதான் சமாதானமானேன். இங்கிலாந்து மானுக்கு உயிரில்லையா என்று கேட்கிற புத்தி அப்போது எனக்கு வரவில்லை.

ஒன்றாகப் பிறந்த அந்தக் கத்திகள் ஒன்றாக வளரவில்லை. அத்தானுக்குக் கை சும்மா இருக்காது. கதைத்துக்கொண்டே படிக்கல்லில் அலகைத் தீட்டுவார். தேவையோ இல்லையோ தீட்டுவார். சில வருடங்களில் அலகு பாதியாக ஒடுங்கிவிட்டது. பிடியில் அவருடைய பெருவிரல் படுகிற இடத்தில் கொம்பு தேய்ந்து ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. நானா நிதானமானவர். அவருடைய அலகு அகலமாகவே இருந்தது. ஆனால் ஒருமுறை தார் காய்ச்சுகிற அடுப்போரம் வைத்ததில் பிடியின் ஒரு பக்கம் கருகிவிட்டது. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே பிரித்துச் சொல்லலாம்.

அத்தான் பெண் பார்க்க வந்த அன்று அம்மா தட்டில் தோடம்பழம் வைத்தாளாம். மாப்பிள்ளை இடுப்பிலிருந்து கத்தியை உருவி, விரித்து, தோலை ஒரே சுருளாகச் சீவியிருக்கிறார். அம்மா பயந்துபோய் உள்ளே வந்து, “சண்டியனோ தெரியாது” என்று சொல்லியிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா அந்தத் தோல் அறுந்துவிடுமோ என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அறவில்லை. அதனால்தான் சம்மதித்தேன் என்று பிறகு சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு மாரிகாலத்தோடு நின்றது. அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தே நாள். ஆஸ்பத்திரியில் அவருடைய சாரம், மணிக்கூடு, கத்தி மூன்றையும் ஒரு கடதாசியில் சுற்றித் தந்தார்கள். அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளை இல்லை.

அக்கா கத்தியை அலுமாரி லாச்சிக்குள் வைத்தாள். ஒவ்வொரு நாளும் எடுப்பாள். விரிக்க மாட்டாள். கையில் வைத்து, அந்தக் குழிக்குள் தன் பெருவிரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள். பிறகு லாச்சியைச் சாத்திவிட்டுச் சோறு வடிக்கப் போவாள்.

அன்றைய கடிதத்துக்கு அன்றே பதில்

போன வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில் என் தட்டச்சுப் பொறியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர், “உங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் போலிருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் இல்லை, நிறைய இருந்தது. கப்பல்களுக்குச் சாமான் விநியோகிக்கும் ஒரு கந்தோரில், உட்துறைமுக வீதியில், நான்தான் ஒரே பெண் தட்டச்சாளர். மனேஜர் சொல்லச் சொல்ல அடிப்பதல்ல என் வேலை. “இதுக்கு ஒரு பதில் போடும்” என்று கடிதத்தைத் தள்ளிவிடுவார். மிச்சம் என்னுடையது. என் இங்கிலிசில் அவர் கைவைத்ததே இல்லை.

அந்தக் கந்தோரில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் வந்த கடிதத்துக்கு மாலைக்குள் பதில் போயாக வேண்டும். கப்பல் காத்திருக்காது என்பார் மனேஜர். அதனால் எங்களிடம் ஆயத்தமாகச் சில வசனங்கள் இருந்தன. யோசிக்காமல் விரல் தானாக அடிக்கும். “தங்கள் கடிதம் கிடைத்தது.” “முன்னர் எழுதியபடி செய்யவும்.” அவற்றை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதலாம். நானும் எழுதினேன்.

கந்தோருக்கு வரும் பொருட்பட்டியல் ஒன்றில்தான் அந்தக் கத்திக் கம்பனியின் பெயரைக் கண்டேன். ஷெஃபீல்ட் நகரத்துக் கம்பனி. கடைசிப் பக்கத்தில், எங்கள் கத்தி எவ்வளவு பழையதானாலும் அனுப்புங்கள், சீராக்கித் தருகிறோம் என்று போட்டிருந்தது. அப்போது அத்தானின் கத்தி கடற்காற்றில் துருப்பிடித்து, வில்லும் உடைந்து, அலகு மடங்கி நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கை வெட்டிவிடுமென்று அக்கா அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

நான் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அக்கா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கத்தியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“பழையபடி ஆக்கித் தரச் சொல்லி எழுது” என்றாள்.

இதைக் கேள்விப்பட்ட நானா, தன்னுடைய வில்லும் தளர்ந்துவிட்டது, அதையும் சேர்த்து அனுப்பு என்றார். இரண்டு பொதியாக அனுப்பவா என்று கேட்டேன். “ஒண்டாத் தந்தது, ஒண்டாப் போகட்டும் புள்ள” என்றார். ஒரே பெட்டியில் வைத்தேன். பெயர்ச்சீட்டுக் கட்டவில்லை. தொட்டாலே தெரிகிற சாமானுக்கு எதற்குச் சீட்டு என்று நினைத்தேன்.

பழையபடி. இந்தச் சொல்லை இங்கிலிசாக்க எனக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. “ஒரிஜினல் கண்டிஷனுக்குக் கொண்டுவரவும்” என்று அடித்தேன். அடித்துவிட்டு அந்த வசனத்தின் கம்பீரத்தை நானே ஒருமுறை ரசித்தேன். அக்காவின் பழையபடி, அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள். அந்தக் கம்பனியின் பழையபடி, கத்தி பட்டறையை விட்டு வெளியே வந்த நாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் வாழ்ந்து முடித்திருந்தார். இவ்வளவும் இப்போது விளங்குகிறது.

அவர்கள் கேட்டார்கள்

இதோடு முடிந்திருந்தால் அறியாப் பிழை என்று என்னை நானே மன்னித்திருப்பேன். சொல்லை மாற்றிப் போட்ட தட்டச்சாளர் உலகத்தில் நான் ஒருத்தி மட்டுமா?

ஆனால் ஒன்றரை மாதம் கழித்து, கந்தோர் முகவரிக்கு ஒரு நீல ஆகாயக் கடிதம் வந்தது. எழுதியவர் பட்டறையில் பொறுப்பாக இருந்த ஒருவர். மிக மரியாதையான கடிதம். ஒரிஜினல் கண்டிஷன் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அலகு, வில், முள், கொம்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு மட்டும்தான் பழையதாக மிஞ்சும். ஒரு கத்தியின் பிடியில் விரல் பட்டுத் தேய்ந்த அடையாளம் தெரிகிறது. இப்படியான அடையாளங்களை வைத்துக்கொள்ளவே சிலர் விரும்புவார்கள். வில்லை மட்டும் மாற்றித் துருவை எடுத்தால் போதுமா, அல்லது முழுவதும் மாற்றவா? தங்கள் விருப்பத்தை அறியத் தரவும்.

ஆறாயிரம் மைலுக்கு அப்பால், அத்தானைக் கண்டிராத ஒரு மனிதர், அந்தக் குழியைக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார்.

அன்று துறைமுகத்தில் மூன்று கப்பல்கள் நின்றன. வேலை தலைக்கு மேல். இது உண்மை. ஆனால் இதைச் சாட்டாகச் சொல்ல எனக்கு வாயில்லை. கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பதில் ஒரு நாள் பிந்தியிருக்கும், அவ்வளவுதான்.

கேட்காததற்குக் காரணம் வேறு. அக்காவின் துக்கம் எனக்குச் சலித்துவிட்டது. லாச்சி திறக்கிற சத்தம் கேட்டாலே எனக்குக் கோபம் வந்தது. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்த, மனைவியை இழந்த ஒருவர், நல்ல மனிதர், அக்காவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அவள் அந்தக் கதையையே எடுக்கவேண்டாம் என்றுவிட்டாள். எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. இவளைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படிக் கலியாணம் கட்டுவது? அந்தக் குழி இல்லாமற்போனால் அவள் கொஞ்சமாவது இந்தப் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். நினைத்துத்தான் செய்தேன். இதைவிட நேராக எழுத எனக்குத் தெரியவில்லை.

“தங்கள் கடிதம் கிடைத்தது. முன்னர் எழுதியபடி செய்யவும்.” மாலைத் தபாலில் பதில் போய்விட்டது.

ஒரு சொல் பொய்

இனி அந்த மேசைக்கு வருகிறேன்.

அக்கா கடைசியில் ஒரு கத்தியை எடுத்தாள். அவளுடைய பெருவிரல் கொம்பின் மேல் முன்னும் பின்னும் போனது. மற்றதை எடுத்தாள். அதிலும் விரல் தேடியது. புதுக் கொம்பு, கரடுமுரடாக இருந்தது. அவள் அழவில்லை. கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையிலும் இரண்டு கத்தியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். இங்கிலிசு தெரிந்தவள் நான்தானே.

நானாதான் கேட்டார்.

“புள்ள, அவங்க ஒண்டும் கேட்டு எழுதல்லயா?”

“இல்லை நானா. ஒண்டும் வரேல்லை.”

சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறு எது சொல்லியிருந்தாலும் அக்கா என்னை மன்னித்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அவள் அப்படிப்பட்டவள். நான் இப்படிப்பட்டவள். “வெள்ளைக்காரனுக்கு எங்கட அருமை எங்க தெரியும்” என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். விரலடையாளத்தைக் கண்டு கேட்டு எழுதிய அந்த மனிதர் மீது அந்தப் பழி போய் விழுந்தது. நான் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனேன்.

திரும்பி வரும்போது நானா ஒரு தீர்வு கண்டுபிடித்திருந்தார். ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது. அப்படிச் செய்தால் நடராசாவின் கத்தி ஒரு வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் நிச்சயம் அக்காவிடம் இருக்கும். அக்கா ஓம் என்றாள். நானா தன் பங்கைப் பெட்டிக்குள் கிடந்த தாள்களில் சுற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார்.

மாற்றுகிற நாள்

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை நானா வருவார். ஒரு கையில் வட்டிலப்பம், மறுகையில் தோப்பூர் எருமைத் தயிர்ச் சட்டி. இடுப்பில் கத்தி. கத்தியைக் கைக்குக் கை கொடுப்பது இரண்டு வீட்டிலும் வழக்கமில்லை. அவர் மேசையில் வைப்பார். அக்கா தன்னிடம் இருப்பதை அதன் பக்கத்தில் வைப்பாள். பிறகு ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்வார்கள். நானா தன் கத்தியை வேலைக்குப் பயன்படுத்துவதை விட்டுவிட்டார். தேய்ந்தால் அடையாளம் தெரிந்துவிடும், பிறகு மாற்றுவதில் அர்த்தமில்லை என்றார். கயிறு வெட்டக் கடையில் வேறு கத்தி வாங்கினார். ஒருநாள் கத்தியில்லாமல் இருக்காத மனிதர், நல்ல கத்தியை எண்ணெய் பூசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மலிவுக் கத்தியால் காலம் தள்ளினார்.

நான் கலியாணம் கட்டி லிங்கநகரில் குடியிருந்தேன். அக்கா கந்தளாய்க்காரரைக் கட்டவில்லை, வேறு எவரையும் கட்டவில்லை. லாச்சி திறக்கிற சத்தமும் நிற்கவில்லை. எடுத்து வைத்துக்கொண்டு, இது அவருடையதோ இல்லையோ என்ற யோசனையும் சேர்ந்துவிட்டது. நான் நினைத்தது ஒன்றும் நடக்கவில்லை.

மாற்றுகிற நாளில் நான் எப்படியாவது அக்கா வீட்டில் நிற்பேன். தேத்தண்ணி ஊற்றுவேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டே கோப்பையை வைப்பேன். வைத்துவிட்டுத் தயிர் நல்லாயிருக்கிறது என்பேன். பதினைந்து வருடத்துக்கு மேல் தயிரைப் பற்றியே கதைத்தேன்.

கிண்ணியாவில்

போன மாரிக்கு முந்திய மாரியில் நானா படுத்துவிட்டார். அக்காவுக்கு முழங்கால் வருத்தம், நான் போனேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கிற ‘பாதை’யில் நின்று, இன்றைக்கு இந்த மனிதரிடமாவது சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

நானா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலிசு படிப்பிக்கிற அவருடைய மகளிடம் எதையோ எடுத்துவரச் சொன்னார். அவள் கத்தியையும் அது சுற்றியிருந்த தாள்களையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பழுப்புத்தாளுக்குள் மடிந்து ஒரு சின்னச் சீட்டு இருந்தது. கம்பனியின் சீட்டு. தங்கள் இரண்டாவது கடிதத்தில் உறுதிப்படுத்தியபடி தேய்ந்த பாகங்கள் அனைத்தும் மாற்றப்பட்டன என்று அடித்திருந்தது.

மகள் இங்கிலிசு படித்த காலத்தில் வாசித்துச் சொன்னாளாம். பத்து வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வருடா வருடம் வந்து மாற்றியிருக்கிறார், நான் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்திருக்கிறார்.

“இந்தச் சீட்டு உங்கட சாமான் புள்ள. பாக்கியத்துக்கிட்டக் காட்டல்ல” என்றார். “காட்டினா அவவுக்குப் புருசனும் இல்ல, தங்கச்சியும் இல்ல எண்டு ஆயிருக்கும்.”

என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் கிழமை மௌத்தாகிவிட்டார். அவருடைய கத்தியை மகள் கொண்டுவந்து அக்காவிடமே கொடுத்தாள். இப்போது இரண்டும் அந்த லாச்சிக்குள் கிடக்கின்றன.

வாசித்துக் காட்டியது

இந்தத் தொடரை அக்கா வாரம் தவறாமல் வாசிக்கிறாள். இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்வது அநியாயம் என்று தோன்றியது. அதனால் எழுதியதை எடுத்துக்கொண்டு போய், காலை வேளையில், அவள் சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது முழுவதையும் வாசித்தேன். நீலக் கடிதம் வந்த இடத்திலும் அவள் கை நிற்கவில்லை. நானாவின் சீட்டு வந்த இடத்திலும் நிற்கவில்லை. முடித்த பிறகு ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கழட்டின பழைய கொம்பை அவங்கள் என்ன செய்திருப்பாங்கள்?”

நான் வாசித்த பிரதியில், இதுவரை நீங்கள் வாசித்ததிலும், ஒரு வரி இல்லை. அந்த நீலக் கடிதத்தின் கடைசி வரி. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று நினைத்திருந்தபோதும் என் கை அதையும், அதற்கு நான் அடித்த பதிலையும் எழுதாமல் விட்டிருந்தது.

“வேணுமெண்டால் திருப்பி அனுப்புறம் எண்டு எழுதியிருந்தவங்கள் அக்கா.”

“நீ என்ன எழுதினனீ?”

“தேவையில்லை எண்டு.”

அக்கா சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னுடன் கதைக்கவில்லை. இன்றைக்கு ஒன்பதாவது நாள்.